சித்திரையில் பிடித்த மழை ஆனியிலும் விடவில்லை: கோழிக்கும் தோட்டத்துக்கும் என்ன வழி?

கரிசல்காட்டு மருமகள், புளியரை

வணக்கம். செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குப் போகும் சாலையில், சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம். அங்கே மழை வந்தால் எல்லோரும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே வெயில் வந்தால்தான் அப்படிப் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு சித்திரையிலேயே மாலை தவறாமல் இடியோடு மழை. அக்கினி நட்சத்திரத்தில் வற்றல் போடலாமென்று கிண்டிய கூழ் பாய் மேலேயே புளித்துப்போனது. வைகாசி முடிவதற்குள் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலும் வந்து சேர்ந்துகொண்டது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். எனக்குக் கோழிக்கூட்டுப் பக்கம் போனால் வயிறு எரிகிறது.

சிறுவிடைக் கோழிகள், ஒரு சேவல், இரண்டு அடையில் பொரித்த குஞ்சுகள், நாலைந்து வாத்துகள். முழங்கால் உயரம் செங்கல் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, மேலே சிமெண்ட் தகடு, கீழே மண்தரை. வலையின் நீண்ட பக்கம் மேற்கைப் பார்த்திருக்கிறது. சாரல் நேராக உள்ளே அடிப்பதால் அந்தப் பக்கம் முழுவதும் தார்ப்பாய் கட்டினோம். இப்போது சாரல் வரவில்லை, ஆனால் காலையில் கதவைத் திறந்தால் கண் கரிக்கிறது. கீழே தென்னைநார்க் கழிவு போட்டிருக்கிறோம். மலிவாகக் கிடைத்தது. அது இப்போது காலில் சேறாக ஒட்டுகிறது.

ஒரு மாதத்தைத் தாண்டிய குஞ்சுகள்தான் படுக்கின்றன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, சிறகு தொங்க, மூலையில் கண்ணை மூடி நிற்கின்றன. எச்சம் காவி நிறத்தில், சிலவற்றுக்கு ரத்தமாகவே போகிறது. தீவனக் கடைக்காரர் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொல்கிறார். எதற்கான மருந்து என்று கேட்டால் ‘எல்லாவற்றுக்கும்’ என்கிறார். என் மாமியார் சாம்பலும் வேப்பிலையும் போதும் என்கிறார்.

தோட்டமும் இதே கதிதான். மிளகாய், தக்காளி நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து சாய்கின்றன. காய்ப்புக்கு வந்த கத்தரி ஒன்று காலையில் நன்றாக இருந்தது. மதியம் இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கிவிட்டது. இரவானால் கைப்பிடி அளவு நத்தைகள் வருகின்றன. கூட்டில் அள்ளிய எருவைச் செடிக்கு நேரே போடலாமா? மழையில் கோழி வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை ரயிலடி

அக்கா, நீங்கள் கட்டியிருக்கும் தார்ப்பாயை இன்றே அவிழ்த்து மாற்றிக் கட்டுங்கள். நாம் எல்லோரும் ஜன்னல் திரையைப்போல மேலே கட்டிக் கீழே தொங்க விடுகிறோம். கோழிக்கூட்டுக்கு அது தலைகீழ். அடிப்பக்கத்தைச் சுவரில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி வைக்க வேண்டும். மேலே எப்போதும் ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். சூடான காற்றும் நெடியும் அந்த வழியாகப் போகும். சாரல் கோழி நிற்கும் உயரத்துக்கு வராது. கண் கரிக்கிறது என்றால் அது எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா. ஆள் உயரத்தில் நமக்கே கரிக்கிறதென்றால், தரையோடு மூக்கை வைத்திருக்கும் குஞ்சுக்கு எப்படி இருக்கும்?

நம் பக்கம் காற்று எங்கிருந்து வருமென்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த முறை கூடு கட்டினால் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்கே நீளம் குறைந்த சுவர் மட்டும் வரும், அதை முழுக்க அடைத்துவிடலாம்.

குலசேகரத்துத் தோட்டக்காரன்

சகோதரி, நான் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம். உங்களுக்கு இப்போது தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்கும் வரும். எங்களுக்கும் இரண்டு பருவமும் ஒழுங்காகப் பெய்யும். பால் வெட்டும் ரப்பர் மரத்துக்கே பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டி மழையைத் தடுக்கும் ஊர் இது. அதனால் மழையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் ஒன்று. கோழி மழையில் நனைந்து சாவது அபூர்வம். நனைந்த கோழி சிலிர்த்து உதறிவிட்டுப் போய்விடும். கோழியைக் கொல்வது காலடி ஈரம். எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள், தரையைப் பார்ப்பதில்லை. உங்கள் கூட்டிலும் கூரை நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன மற்ற அத்தனையும் தரையில் தொடங்கியவை.

தென்னைநார்க் கழிவை முழுவதும் வாரி வெளியே போடுங்கள். கேரளத்திலும் நம் பக்கமும் மலிவாகக் கிடைக்கிறதென்று எல்லோரும் வாங்குகிறார்கள். தொட்டிச் செடிக்கு அதைப் போடுவதே அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காகத்தான். அதே குணம் கோழிக்கூட்டில் ஆகாது. நன்றாகக் காய்ந்த நிலையில், கோடையில் மட்டும் போடலாம். சாரல் காலத்துக்கு உமி அல்லது கடலைத்தோல். தச்சுப் பட்டறையின் மரச்சீவல் கிடைத்தால் அதைவிட நல்லது. மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும்.

வாரிய பிறகு தரையைப் பாருங்கள். மண்தரையில் கையை வைத்தால் சில்லென்று ஈரம் தெரிந்தால், கீழே இருந்து ஊறுகிறது என்று பொருள். வெளி நிலத்தைவிடக் கூட்டின் தரை ஒரு அடியாவது உயரமாக இருக்க வேண்டும். இப்போது இடித்துக் கட்ட முடியாது. செங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி, கெட்டித்து உயர்த்துங்கள். கூட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, கூரையிலிருந்து விழும் தண்ணீரை அதன் வழியாக வெளியே தள்ளிவிடுங்கள். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்க வேண்டும். சிமெண்ட் தகட்டை நீட்ட முடியாதென்றால், மூங்கில் கட்டி ஓலைத் தாழ்வாரம் இறக்குங்கள். ஓலை நம்மிடம் இல்லாத பொருளா?

உமியை நாலு விரல் கனத்துக்குப் போட்டுத் தொடங்குங்கள். தினமும் காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் குச்சியாலோ முள்வாரியாலோ கிளறிவிட வேண்டும். மேலே தகடு தகடாகப் பக்குக் கட்டினால், கட்டிய இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுப் புதிய உமி போடுங்கள். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறங்கள். கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிடித்த வடிவம் லேசாகத் தெரிந்து, அப்படியே விரிந்து உதிர்ந்தால் சரி. ஒட்டவே ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது, குஞ்சுகளுக்கு மூக்கடைக்கும். நான் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு பிடி, இரவில் அவை உட்காரும் கம்பின் அடியிலிருந்து ஒரு பிடி என்று எடுத்துப் பார்ப்பேன். நடுவில் எடுத்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

சுண்ணாம்பைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நீற்றிய சுண்ணாம்புத் தூள், உலர்ந்தது, பத்துக்குப் பத்தடி இடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். தூவிக் கிளறிவிட வேண்டும். நீற்றாத சுட்ட கல்லைப் போட்டால் கோழியின் பாதம் வெந்துபோகும். இன்னொன்று: ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு பட்டதும் அம்மோனியா ஒரு மூச்சு கூடுதலாகக் கிளம்பும். ஆகவே கோழிகள் வெளியே இருக்கும்போது, தார்ப்பாய்த் திரையைக் கீழே இறக்கிக் காற்றுக்குத் திறந்துவிட்டுப் போடுங்கள். நெடிதான் பெரிய தொல்லை என்றால் சுண்ணாம்பை விட்டுவிட்டு, உரக்கடையில் கிடைக்கும் சூப்பர் பாஸ்பேட்டை அதே அளவில் தூவிக் கிளறலாம். அது அம்மோனியாவைப் பிடித்து எருவிலேயே நிறுத்தும். இரண்டையும் ஒன்றாகப் போடுவதில் பயனில்லை, ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும்.

உங்கள் மாமியார் சொல்லும் சாம்பல் நல்லதுதான், ஆனால் இடம் வேறு. ஒரு பழைய டயரிலோ மரப்பெட்டியிலோ சாம்பலும் மணலும் கலந்து, நனையாத மூலையில் வையுங்கள். கோழி அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே புழுதி குளிக்க இடம் கிடைக்காமல்தான் பேன் பெருகுகிறது. ரத்தக் கழிச்சலுக்குச் சாம்பல் மருந்தாகாது.

தீவனத்தைக் கவனியுங்கள். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இந்த ஈரத்தில் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். பச்சையாகத் தெரியும் பூசணத்தை ஊதிவிட்டுப் போடுகிறவர்கள் உண்டு. நஞ்சு தானியத்துக்குள் இறங்கியிருக்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, காரணம் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்ஸின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். வாத்துக் குஞ்சுகளுக்கு இது கோழியைவிட வேகமாக ஏறும். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள், சிறிய அளவாக வாங்குங்கள். சோளத்தைக் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். பல்லுக்கு அடியில் நசுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாத்துகளை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வாத்து இருக்கும் கூட்டில் தரை காயாது. குடிக்கும், அலசும், உதறும். அது அதன் பிறவிக் குணம், திருத்த முடியாது.

பழைய கால்நடை ஆய்வாளர், கம்பம்

அம்மா, ஒரு மாதம் கடந்த குஞ்சு, தொங்கிய சிறகு, ரத்தம் கலந்த எச்சம், ஈரக் கூளம். நாலையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தக் கழிச்சல் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். காக்சிடியோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இது கிருமி வகையில் ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே வரும் முட்டைக்கூடு அப்படியே இருந்தால் நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் முற்றி, நோய் தரும் நிலைக்கு வந்துவிடும். குலசேகரத்துக்காரர் தரையிலேயே நின்றதற்கு இதுதான் காரணம். சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் அது சாகாது. தரை நன்றாகக் காய்ந்தால்தான் சாகும்.

இதற்கான மருந்து ஆம்ப்ரோலியம். 20 சதவீதப் பொடி என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுக் குறைவு, தொடர்ந்து ஐந்து நாள் வரை. பாக்கெட்டில் அச்சிட்ட அளவையும் படித்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கொடுங்கள். அந்த நாள்களில் வேறு தண்ணீர் குடிக்கக் கிடைக்கக் கூடாது. சாரல் காலத்தில் முற்றத்தில் தேங்கிய குட்டையெல்லாம் கோழிக்குத் தண்ணீர்த் தொட்டிதான். எனவே மருந்து முடியும் வரை குஞ்சுகளை அடைத்து வையுங்கள். ‘சத்துக்கு’ என்று பி வைட்டமின் டானிக்கை அதே சமயம் கொடுக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 வைட்டமினை அந்த ஒட்டுண்ணிக்குக் கிடைக்காமல் செய்துதான். நீங்கள் டானிக் ஊற்றினால் ஒட்டுண்ணிக்கும் சேர்த்துச் சோறு போடுகிறீர்கள்.

‘எல்லாவற்றுக்கும்’ என்று தரும் பொடி பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியாக இருக்கும். இந்த நோயில் அது நேரடியாக ஒன்றும் செய்யாது. என்ன மருந்து என்று பெயர் சொல்லத் தெரியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஒரு சந்தேகம் தீர வேண்டும். எச்சம் ரத்தமாக இல்லாமல் வெள்ளையும் பச்சையுமாகப் போய், கழுத்தைத் திருகிக்கொண்டு, பெரிய கோழிகளும் சேர்ந்து சாய்ந்தால் அது வெள்ளைக் கழிச்சல், ராணிகெட். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நாலாவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் வழக்கமாக பிப்ரவரி மாதம் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், கட்டணம் இல்லை. அதைத் தவறவிட்டவர்கள் மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். செத்த குஞ்சு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அதே நாளில் எடுத்துப்போனால் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ரத்தக் கழிச்சல் என்றால் குடல்வால் இரண்டும் ரத்தம் கட்டிப் பருத்திருப்பது பார்த்தவுடனே தெரியும்.

கொசுவும் இப்போது பெருகும். அம்மையைக் கோழிக்குக் கோழி கொண்டுபோவது அதுதான். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருவைப்போலக் கிளம்பினால், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசலாம். உங்கள் மாமியாரின் வேப்பிலைக்கு இங்கே வேலை இருக்கிறது. அம்மைக்கும் தடுப்பூசி உண்டு, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

இளங்குஞ்சுக்குச் சூடு காட்ட பல்பு மாட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். இப்போதைய எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு தேடி வாங்குங்கள். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடம் 95 டிகிரி பாரன்ஹீட், அதற்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

கொல்லங்கோட்டுப் பாட்டி

கோழி விஷயத்தைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் செடிக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாயில் எங்களுக்கும் இடவப்பாதியில், அதாவது வைகாசிப் பாதியில் தொடங்கும் மழையில், இதே கூத்துதான், மகளே.

நாற்று சாய்வது நாற்றழுகல். பாத்தியை நிலத்திலிருந்து அரை அடி மேடாக்கு. நெருக்கி விதைக்காதே, வரிசையாக இடம் விட்டு விதை. விதைக்கும் முன் கிலோ விதைக்கு நாலு கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணப் பொடி கலந்து விதைத்தால் பாதிச் சாவு குறையும். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிட்டிகைதான் ஆகும். மேலே கண்ணாடித்தாள் பந்தல் போட்டு மழைத்துளி நேராக விழாமல் பார்த்துக்கொள். மாலையில் தண்ணீர் ஊற்றாதே. இதைச் சொன்னால் மழையில் யார் ஊற்றுவார்கள் என்று சிரிப்பார்கள், ஆனால் பந்தலுக்கு அடியில் மண் காய்ந்ததென்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கத்தரி பச்சையாகவே வாடியது வேறு. வாடிய செடியின் தண்டை அடியில் சாய்வாக அறுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரை எடுத்து, அறுத்த முனை மட்டும் நனையும்படி பிடி. அசைக்காமல் பார்த்தால் சிறிது நேரத்தில் அறுத்த வாயிலிருந்து பால் நூல் இறங்குவது தெரியும். இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தெளித்துப் பணத்தைக் கரைக்காதே. செடியை மண்ணோடு பிடுங்கி எரித்துவிடு, அந்தக் குழியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில பருவம் வைக்காதே. திருச்சூர் வெள்ளானிக்கரையிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த வாடலைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கத்தரியில் சூர்யா, ஹரிதா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, மிளகாயில் உஜ்வலா. எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறினால் கிடைக்கும் உனக்கு. சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரியும் இப்போது நாற்றங்கால்களில் விற்கிறார்கள், நன்றாகவே நிற்கிறது.

மழையோடு மல்லுக்கட்டி மிளகாயும் தக்காளியும்தான் வைப்பேன் என்று ஏன் பிடிவாதம்? சேனை, சேம்பு, மரவள்ளி, பயறு வை. வெண்டை வை. மழை பெய்தால் வெள்ளை ஈ குறையும், ஆகவே வெண்டையில் நரம்புத் தேமலும் குறையும். பந்தலில் பாகல் ஏற்று. கறிக்குக் குறையிருக்காது.

கோழி எருவைப் பச்சையாகச் செடிக்கு அடியில் போடாதே, வேர் வெந்துவிடும். மாட்டெருவைவிடத் தழைச்சத்து இதில் பல மடங்கு, மூன்று சதவீதம் வரை இருக்கும். நீ கூட்டிலிருந்து வாரப்போகும் தென்னைநார்க் கழிவு எச்சத்தோடு ஊறியிருக்கிறது அல்லவா, அதை எறியாதே. கூரைக்கு அடியில் குவித்து, சருகும் கொஞ்சம் மண்ணும் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டிவிடு. மூன்று மாதத்தில் நெடி போய் மண்வாசனை வந்துவிடும். சாரலில் திறந்த வெளியில் குவித்தால் சத்தெல்லாம் கரைந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போகும். அவர்கள் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள்.

நத்தை. நீ சொல்லும் அளவைப் பார்த்தால் ஆப்பிரிக்க நத்தை. கேரளத்தில் பல மாவட்டங்களில் இதனோடுதான் பாடு. சாக்கை நனைத்து, அதற்குள் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு மாலையில் தோட்டத்து ஓரத்தில் வை. விடியும் முன் அதற்கடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசல் வாளியில் போடு. வெறுங்கையால் தொடாதே, பிள்ளைகளை அனுப்பாதே. எலியின் நுரையீரல் புழு இதில் தங்கும், அது மனிதனுக்கு ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தே சாப்பிடு.

கரிசல்காட்டு மருமகள், புளியரை

எல்லோருக்கும் நன்றி. மருந்தகத்தில் குஞ்சைக் காட்டினோம், ரத்தக் கழிச்சல்தான் என்று சொல்லி ஆம்ப்ரோலியமே எழுதிக் கொடுத்தார்கள். தார்ப்பாயை மாற்றிக் கட்டியதும் அன்று இரவே நெடி பாதியாகிவிட்டது. பாட்டி சொன்ன தம்ளர்ச் சோதனையைச் செய்தேன். பால் நூல் இறங்கியது. மாமியார் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, மீதிக் கத்தரிச் செடிகளையும் இழுத்துப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு கேள்வி. நத்தைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெளிக்கலாம் என்கிறார்கள், கோழி மேயும் இடத்தில் செய்யலாமா? வாத்துகளை விட்டுத் தின்ன வைக்கலாமா? அடுத்தது, ஒரு கோழி அடைக்கு உட்காரத் தவிக்கிறது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், அடைக்கூடையில் இரும்பும் கரியும் போடு என்கிறார் மாமியார். ஆடியில் அடை வைக்கலாமா?

குலசேகரத்துத் தோட்டக்காரன்

துத்தம் வேண்டாம். நத்தைக்கு எது நஞ்சோ அது கோழிக்கும் நஞ்சுதான். தெளித்த இலையைக் கொத்தும், தேங்கிய தண்ணீரைக் குடிக்கும். சாக்கு, பப்பாளி இலை, உப்பு வாளி, இதுவே போதும். வாத்து சின்ன நத்தையைத் தின்னும், பெரியதை உருட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் பாட்டி சொன்ன புழுவை நினைத்து நான் விடுவதில்லை.

அடைக்கூடையில் இரும்பு எங்கள் அம்மாவும் போடுவார். நானும் போடுகிறேன், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. முட்டை கெடுவது இடியால் அல்ல. சேற்றுக் காலோடு கோழி மிதித்த முட்டையை அடை வைப்பதால்தான். அழுக்கான முட்டையைக் கழுவி அடை வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், அழுக்குத் தண்ணீர் துளை வழியாக உள்ளே இறங்கும். சுத்தமாக இட்ட முட்டையை மட்டும் பொறுக்கி வையுங்கள், அழுக்கானவை குழம்புக்கு. முட்டையிடும் பெட்டியில் வைக்கோலைத் தினமும் மாற்றினால் சுத்தமான முட்டை தானாகக் கிடைக்கும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது, தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆடியில் அடை வைக்கலாமா என்றால், நான் உங்கள் நிலையில் வைக்க மாட்டேன். 21 நாளில் பொரித்து, அந்தக் குஞ்சுகள் ஒரு மாதத்தைத் தொடும்போது ஆவணி முடியும். அதற்குள் தரை காய்ந்திருக்குமா என்று உங்கள் தரையைக் கேளுங்கள். ரத்தக் கழிச்சல் கண்ட கூட்டில் உடனே புதுக் குஞ்சை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கோழியைக் கூடையிலிருந்து எடுத்து, அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் சில நாள் வையுங்கள், தவிப்பு அடங்கும்.

பழைய கால்நடை ஆய்வாளர், கம்பம்

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வேறு இடத்தில், வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ காய்ந்த தரை இருந்தால் அடை வைக்கலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவதே கொஞ்சம் முட்டை, அடைக் காலத்தை ஏன் வீணாக்க வேண்டும்? குஞ்சுகளைப் பழைய கூட்டின் பக்கம் மட்டும் விடாதீர்கள். கூட்டுக்குள் போய்வந்த செருப்போடு குஞ்சுகளிடம் போகவும் வேண்டாம்.

குலசேகரத்துத் தோட்டக்காரன்

ஐயா சொல்வது சரி, திண்ணை இருந்தால். திண்ணையில் கோழியைப் பெருக்கித் துடைக்கப்போவது யார் என்பதையும் முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள், சகோதரி.

செங்கோட்டை ரயிலடி

உமி எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செங்கோட்டையில் அரிசி ஆலைகளில் கேளுங்கள். சாக்கு அவர்கள் தர மாட்டார்கள், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். திறந்த ஆட்டோவில் ஏற்றினால் புளியரை வருவதற்குள் நனைந்துவிடும், மூடிய வண்டியாகப் பாருங்கள். இந்த வாரம் போகிறீர்களென்றால் சொல்லுங்கள் அக்கா, எனக்கும் நாலு சாக்கு வேண்டும். வண்டிக் கூலியைப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம்.